'மைசெல்ஃப்' எங்கே வரும்?



எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு ஒரு நேர்முகத் தேர்வில், "மைசெல்ஃப் கமிங் ஃப்ரம் மேலூர்" என்றேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பது பிறகு நூலகத்தில் இலக்கண நூலைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

செய்பவரும் செயலுக்கு உள்ளாகிறவரும் ஒருவரேயானால் 'செல்ஃப்' வரும். கதிர் அறுக்கையில் என் அரிவாள் என் விரலிலேயே பட்டால், "ஐ கட் மைசெல்ஃப்." அடுத்தவர் அரிவாள் பட்டால், "ஹீ கட் மீ." 'நானே போனேன்' என்று அழுத்திச் சொல்ல, "ஐ மைசெல்ஃப் வென்ட்" எனலாம். ஆனால் 'மைசெல்ஃப்' தனித்து எழுவாயாகாது. "ஐ கம் ஃப்ரம் மேலூர்" என்பதே முறை.

நம் தமிழிலோ 'தான்' எழுவாயாகவும் வரும். 'தான் வருவதாகக் கண்ணன் சொன்னான்' என்றால் வருபவன் கண்ணனே. ஆங்கிலத்தில் இங்கே 'ஹிம்செல்ஃப்' வராது. 'ஹீ' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த 'ஹீ' கண்ணனா, வேறொருவனா என்ற ஐயமும் எழும். ஆங்கிலம் ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப் என்று மூன்றாகப் பிரிப்பதை நம் 'தான்' ஒன்றே தாங்குகிறது. தொல்காப்பியப் பெயரியல் அதை இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயராக வைத்துள்ளது.

ஆகவே நண்பர்களே, பிழையைத் திருத்திக்கொள்வோம். அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. இத்தனை நுட்பமுள்ள மொழியைப் பேசி வளர்ந்த நமக்கு ஆங்கில இலக்கணம் எட்டாக் கனியன்று.