நிற்கும் வண்டியும் கதிரொளியும்

காஞ்சிபுரம் கோயில் நகரம். பட்டு நெசவுக்கும் பேர்பெற்ற நகரம். அந்நகரத்துப் பெருந்தேர்கள் ஆண்டின் பெரும்பகுதியும் நிலையிலேயே நிற்பன. வரதராசப் பெருமாள் கோயிலில் வைகாசித் திருவிழாவும், ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனித் திருவிழாவும் வரும்போதே அவை வீதியில் உலாவரும். ஓடுவது சிறுபொழுதே ஆயினும், தேரைக் கேட்பாரற்று எவரும் விட்டுவிடுவதில்லை. மழையும் வெயிலும் தாக்காவண்ணம் அதனை மூடி வைப்பர். விழா நெருங்குங்கால் அச்சு, சக்கரம், வடம் ஆகியவற்றை ஆராய்ந்து செப்பனிடுவர். ஓடும் பொருளைப் போலவே நிற்கும் பொருளுக்கும் காவல் வேண்டும் என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இவ்வுண்மை அந்நகரத் தெருக்களில் நிற்கும் மோட்டார் வண்டிகளுக்கும் பொருந்தும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடே தொழிற்கூடமாகவும் விளங்குகிறது. நூல் வாங்கி வரவும், நெய்த சேலையைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒப்படைக்கவும் சைக்கிளோ ஸ்கூட்டரோ போதும். ஆதலின் கார் வைத்திருக்கும் இல்லத்திலும் அது பல வாரங்கள் அசையாமல் நிற்பதுண்டு. உறவினர் திருமணத்திற்கோ, முதியோரைச் சென்னை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவோதான் அது வெளியே வரும். அத்தகைய தேவையோ முன்னறிவித்து வருவதன்று. வீட்டுப் பெரியவருக்கு நள்ளிரவில் உடல்நலம் குன்றுகிறது. மகன் விரைந்து சென்று சாவியைத் திருப்புகிறான். ‘டக், டக்’ என்னும் ஓசை மட்டுமே எழுகிறது, எஞ்சின் இயங்கவில்லை. பெட்ரோல் நிறைய உண்டு. எஞ்சினிலும் பழுது இல்லை. ஆற்றல் இழந்து கிடப்பது பாட்டரி ஒன்றே. அந்த ஒன்று சோர்ந்தமையால் வண்டி முழுவதும் பயனற்றுப் போகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், கொரோனாப் பெருந்தொற்றைத் தடுக்கும் பொருட்டு இந்தியா முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. வீதிகள் வெறிச்சோடின, வண்டிகள் நின்ற இடத்திலேயே வாரக்கணக்கில் நின்றன. தடை தளர்ந்தபின் தம் வண்டியை எடுக்க முயன்றவர் பலர், அது கிளம்ப மறுப்பதைக் கண்டு திகைத்தனர். உழைத்த பொருள் தேய்வது இயல்பு. உழைக்காமல் நின்ற பாட்டரி சோர்ந்தது ஏன்? இதற்கு விடை காணப் பாட்டரியின் அமைப்பை அறிதல் வேண்டும்.

பாட்டரி என்று மக்கள் வழங்குவது சேமக்கலம் ஆகும். தொட்டி நீரைச் சேர்த்து வைப்பதுபோல் அது மின்சாரத்தை அப்படியே சேர்த்து வைப்பதில்லை; மின்னாற்றலை வேதி ஆற்றலாக மாற்றி வைக்கிறது. ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க கலத்தைப் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் அமைத்தார். இன்றைய பெட்ரோல், டீசல் கார்களுள் மிகப் பலவற்றில் உள்ளது அதன் வழிவந்த கலமே. அதனுள் ஏறக்குறைய 2 வோல்ட்டு அழுத்தமுடைய ஆறு கலங்கள் தொடராக இணைந்து 12 வோல்ட்டுப் பாட்டரியாகின்றன. ஒவ்வொரு கலத்திலும் நேர்த்தகட்டில் ஈய டை ஆக்சைடும், எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற ஈயமும் உள்ளன. மின்சாரம் வெளிப்படும்போது இவ்விரண்டும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலமும் வலிமை குன்றி நீர்த்துப் போகிறது. மின்னேற்றம் செய்யும்போது இம்மாற்றம் திரும்ப நிகழ்ந்து, தகடுகளும் அமிலமும் பழைய நிலையை அடைகின்றன.

மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில், முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே எஞ்சினை இயக்கினர். அமெரிக்க நாட்டுச் சார்லசு கெட்டரிங் அமைத்த மின் தொடக்கி, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன்பின் கைப்பிடி படிப்படியாக மறைந்தது. இன்று சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுழற்றுவது செல்ப் ஸ்டார்ட்டர் என்னும் அம்மின் தொடக்கியே. அது சில நொடிகளுக்குள் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை ஈர்த்துக்கொள்கிறது. சோர்ந்த பாட்டரியால் அவ்வளவு மின்னோட்டத்தைத் தர இயலாது.

வண்டி நிற்கும்போது பாட்டரி இரு வழிகளில் ஆற்றலை இழக்கிறது. முதலாவது, தகடுகளுக்கும் அமிலத்திற்கும் இடையே மெல்ல நிகழும் வேதி மாற்றம். எதனோடும் இணைக்காமல் தனியே வைத்தாலும் இது நிகழும். வெப்பம் மிகுந்தால் விரைந்து நிகழும். சித்திரை வெயில் காயும் காஞ்சியில் இவ்விழப்பு குளிர்நாட்டைவிட மிகுதியாகும். இரண்டாவது, வண்டியில் உறங்காது இயங்கும் சிறு கருவிகள். கடிகாரம், திருட்டைத் தடுக்கும் எச்சரிக்கை மணி, எஞ்சினை ஆளும் கணிப்பொறியின் நினைவகம் ஆகியவை இரவும் பகலும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உண்கின்றன.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு காரில் இக்கருவிகள் யாவும் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்கின்றன என்க. அஃதாவது 0.04 ஆம்பியர். ஒரு நாளின் 24 மணி நேரத்தால் பெருக்கினால் 0.96 ஆம்பியர்-மணி ஆகும். ஏறத்தாழ ஓர் ஆம்பியர்-மணி. பாட்டரியின் கொள்ளளவு 40 ஆம்பியர்-மணி எனின், 20 நாளில் பாதிக்கு அணித்தாகக் கரைந்துவிடும். தானே குறையும் அளவையும் சேர்த்தால், ஒரு மாதத்தில் அது வண்டியைக் கிளப்பும் வலிமையை இழப்பதில் வியப்பில்லை.

இழந்த ஆற்றலைப் பின்னர் ஏற்றிக்கொள்ளலாம் என்று வாளா இருத்தலும் தவறாகும். மின்னிழந்த நிலையில் பாட்டரியை நெடுநாள் விட்டுவைத்தால், தகடுகளில் படிந்த ஈய சல்பேட்டின் நுண்ணிய படிகங்கள், சர்க்கரைப் பாகு இறுகிக் கற்கண்டாவதுபோல், பெரியனவாகவும் கடினமாகவும் இறுகிவிடுகின்றன. அவ்வாறு இறுகியவை மின்னேற்றம் செய்தாலும் எளிதில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆதலின் சோர்ந்து கிடந்த ஒவ்வொரு வாரமும் பாட்டரியின் வாழ்நாளைக் குறைக்கிறது.

இதற்குச் சிலர் கைக்கொள்ளும் வழி, வாரத்திற்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை இயக்கி நிறுத்துவது. இஃது அத்துணைப் பயன் தருவதன்று. எஞ்சினைக் கிளப்பச் செலவாகும் மின்சாரத்தையும் வாரம் முழுவதும் கரைந்ததையும் அச்சிறு பொழுதில் ஈடுசெய்தல் அரிது. மேலும், மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு நிறைந்து உயிருக்கே கேடு நேரும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பது மற்றொரு வழி. அது கருவிகள் உண்பதைத் தடுக்கும். பாட்டரி தானே இழப்பதைத் தடுக்காது. நாள்தோறும் இழப்பதை நாள்தோறும் ஈடுசெய்வதே சிறந்த வழி. அவ்வேலையை ஊதியம் கேளாமல் செய்ய வல்லது கதிரவன்.

சிலிக்கன் என்னும் தனிமத்தாலான சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர்களான சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் 1954ஆம் ஆண்டில் உலகிற்குக் காட்டினர். தன்மீது விழும் ஒளியாற்றலில் நூற்றுக்கு ஆறு பங்கை மட்டுமே அது மின்சாரமாக மாற்றியது. ஆயினும் அதன் அருமையை வான்வெளி மெய்ப்பித்தது. 1958ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் ஏவப்பட்ட வான்கார்டு 1 என்னும் சிறிய செயற்கைக்கோளில் இரண்டு வானொலிக் கருவிகள் இருந்தன. பாட்டரியை மட்டும் நம்பிய கருவி அவ்வாண்டு சூன் மாதத்திலேயே ஓய்ந்தது. சூரிய மின்கலங்கள் ஊட்டிய கருவியோ 1964ஆம் ஆண்டுவரை ஒலித்தது. ஒரே நாளில் புறப்பட்ட இரண்டனுள், இடைவிடாது சிற்றூட்டம் பெற்றதே நீண்ட நாள் வாழ்ந்தது.

அவ்வாற்றல் இன்று எளிய இல்லங்களுக்கும் எட்டியுள்ளது. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டுமுதல் கார்கள் செய்யப்படுகின்றன. பிள்ளைப்பாக்கத்தில் 2024ஆம் ஆண்டு சனவரியில் சோலார் தகடுகள் செய்யும் பெருந்தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. காரும் சோலார் தகடும் ஒரே மாவட்டத்தில் பிறக்கின்றன.

நிற்கும் கார் ஒன்றிற்குப் பெரிய தகடு வேண்டுவதில்லை. 10 வாட்டுத் தகடு முழு வெயிலில் ஏறக்குறைய அரை ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரும். தெளிந்த நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு நிகரான ஒளி கிடைப்பதாகக் கொண்டு, வெப்பத்தாலும் பிறவற்றாலும் நேரும் குறைவைக் கழித்தாலும், ஏறத்தாழ 2 ஆம்பியர்-மணி எஞ்சும். முன்னர்க் கண்ட இழப்போ நாளொன்றுக்கு ஓர் ஆம்பியர்-மணி அளவினது. ஆதலின் வரவு செலவைவிட மிகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மூடிக்கிடக்கும்போது இம்மிகுதி கைகொடுக்கும்.

தகட்டைக் கார் கண்ணாடிக்குள் வைப்பதைவிட வீட்டு மாடியில் பொருத்திக் கம்பி இறக்குவது நன்று. காஞ்சி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. எனவே தகட்டைத் தெற்கு நோக்கி அவ்வளவே சாய்த்து வைத்தால் ஆண்டு முழுவதும் நல்ல ஒளி பெறும். மழைநீரும் தூசியைக் கழுவிச் செல்லும். தகட்டிலுள்ள கலங்கள் தொடராக இணைந்தவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் சில கலங்களை மறைத்தாலும் தகடு முழுவதன் மின்னோட்டமும் குன்றும். தறியில் சில இழைகள் அறுந்தால் நெசவு முழுவதும் நிற்பதை ஒத்தது இது.

தகட்டை நேரே பாட்டரியோடு இணைத்தல் ஆகாது. 12 வோல்ட்டுப் பாட்டரிக்கான தகடு வெயிலில் 18 வோல்ட்டு வரையிலும் அதற்கு மேலும் அழுத்தம் தரும். மிகுந்த மின்னேற்றம் அமிலத்திலுள்ள நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். ஹைட்ரஜன் சிறு தீப்பொறியாலும் வெடிக்கவல்லது. இதனைத் தடுக்கவே இடையில் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை அமைக்கின்றனர். பாட்டரி நிறைந்தபின் அது அழுத்தத்தை 13.5 வோல்ட்டு அளவில் நிறுத்திக் காக்கும். இரவில் மின்சாரம் பாட்டரியிலிருந்து தகட்டிற்குத் திரும்பிச் செல்லாமலும் தடுக்கும். பாட்டரியின் நேர்முனைக்கு அருகில் சிறு பியூஸ் ஒன்றும் இருத்தல் வேண்டும். கருவியை முதலில் பாட்டரியோடும் பின்னர்த் தகட்டோடும் இணைக்க வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலில் கழற்ற வேண்டும். முனைகளை மாற்றி இணைத்தால் கருவிகள் பழுதாகும். பாட்டரியின் அருகே நெருப்பைக் கொணர்தலும் கூடாது. இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு செய்வித்தலே தக்கது.

பாட்டரியின் நலத்தை வோல்ட்டு மானியால் அறியலாம். இணைப்புகளைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்வு தந்தபின் 12.6 வோல்ட்டு காட்டினால் அது நிறைந்துள்ளது, 12.2 எனின் பாதியளவே உள்ளது. 12 வோல்ட்டுக்கும் கீழ்ப்பட்டால் உடனே தக்க மின்னேற்றம் செய்தல் வேண்டும். சோலார் தகடு நலமுள்ள பாட்டரியைக் காக்கும். இறந்த பாட்டரியை உயிர்ப்பிக்காது. சக்கரம், பிரேக்கு ஆகியவற்றையும் அது பேணாது. ஆதலின் மாதம் ஓரிரு முறையேனும் வண்டியை அரைமணி நேரம் ஓட்டி வருதல் நன்று.

காஞ்சித் தறியில் பட்டுச் சேலை ஒரே நாளில் முடிவதில்லை. நாளும் சிறிது சிறிதாக இழை கோத்தே நெசவாளர் அதனை நிறைவாக்குகின்றனர். பாட்டரியும் அத்தகையதே. ஒரு நாளில் பெருந்தீனி தந்து ஒரு மாதம் மறந்திருப்பதால் அது வாழாது. நாள்தோறும் பெறும் சிற்றூட்டமே அதனைக் காக்கிறது. மாடியில் ஒரு சிறு தகடு அமைதியாக வெயிலைப் பருகிக்கொண்டிருக்குமாயின், நள்ளிரவில் அழைத்தாலும் வண்டி உடனே குரல் கொடுக்கும்.