இலை எரிவதில்லை, வாயுதான் எரிகிறது!

போகி நெருப்பில் பச்சை வேப்பிலையைப் போட்டால் புகைதான் வரும், கண்ணைக் கரிக்கும். காய்ந்த தென்னை ஓலையைப் போட்டால் குப்புன்னு பத்திக்கும். இரண்டும் இலைதானே, ஏன் இந்த வித்தியாசம்? பதில் நம்ம வேதியியலில் இருக்கு.

இலை, புல், கட்டை எல்லாவற்றிலும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் மூன்றும் முக்கியம். சூடு பட்டதும் முதலில் ஈரம் ஆவியாகும். 1 கிராம் நீர் 100 டிகிரியில் ஆவியாக சுமார் 540 கலோரி வெப்பம் தேவை. அதனால்தான் பச்சை இலை லேசில் பற்றாது. ஈரம் போன பிறகு, 200 டிகிரிக்கு மேல் ஹெமிசெல்லுலோஸும், 300-ஐ ஒட்டி செல்லுலோஸும் உடைந்து வாயுவாக வெளியேறும். அந்த வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதுதான் நாம் பார்க்கும் சுவாலை! லிக்னின் பெரும்பாலும் கரியாகி, கங்காகக் கனன்றுகொண்டிருக்கும்.

தீ பரவும் வேகத்தைக் கணக்குப் போடலாமா? போடலாம். 1972-ல் அமெரிக்க வனத்துறையின் ரிச்சர்ட் ராத்தர்மெல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்:

தீயின் வேகம் = தீ முன்னால் அனுப்பும் வெப்பம் ÷ அடுத்த புல் பற்றத் தேவையான வெப்பம்

ஈரம் இருந்தால் கீழே உள்ள எண் கூடும், வேகம் குறையும். காற்றோ சரிவோ இருந்தால் மேலே உள்ள எண் கூடும். மலைச்சரிவில் சுவாலை மேல்பக்கமாகச் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். அதனால் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடைக் காய்ச்சலில் காய்ந்த புல், செங்குத்தான சரிவு, காற்று: சூத்திரத்தில் உள்ள மூன்றும் அங்கே ஒன்று சேர்ந்திருந்தன.

எனவே தீ கீழே இருந்தால் மேலே ஓடக்கூடாது. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைக்கோ எரிந்து முடிந்த இடத்துக்கோ போக வேண்டும்.

காட்டுக்குத்தானே இதெல்லாம் என்று நினைக்காதீங்க. அம்பத்தூரில் எங்க வீட்டுப் பக்கத்துக் காலி மனையிலும் பங்குனி, சித்திரையில் புல் மொறுமொறுன்னு காய்ந்து நிற்குது. அதை ஒட்டியே ஓலைக் கொட்டகை. யாராவது குப்பைக்குத் தீ வைத்தால் சூத்திரம் இங்கேயும் அப்படியே பொருந்தும். சுவாலை அடங்கினாலும் கங்கு சாம்பலுக்குள்ளே உயிரோடு இருக்கும். காற்று அடித்தால் மறுபடி பற்றும்.

ஆகவே நண்பர்களே, சருகைக் கொளுத்த வேண்டாம். குழியில் போட்டு மண் மூடினால் உரமாகும். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்!