பாறை இடுக்கிலிருந்து ஜன்னலோரம் வரை

தான்சானியாவின் வடகிழக்கு மூலையில் உசம்பாரா மலைத்தொடர் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று அதில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, மழையாகக் கொட்டுவதால் சரிவெல்லாம் அடர்காடு. அந்தக் காட்டு ஓடைகளை ஒட்டிய பாறைகளின் நிழல் பக்கத்தில், பாசி படிந்த இடுக்குகளில், ஒரு சின்னச் செடி ஒட்டிக்கொண்டு வளர்கிறது. தண்டு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ரோமம் அடர்ந்த தடித்த இலைகள் ஒரே மையத்திலிருந்து வட்டமாக விரிந்திருக்கும். நடுவே ஊதாநீலத்தில் நாலைந்து பூக்கள். உலகெங்கும் வீட்டு ஜன்னல்களில் இன்று வளரும் ஆப்பிரிக்கன் வயலட் செடியின் பூர்வீகம் இதுதான்.

நர்சரியில் பூவோடு வாங்கி வந்து மூன்றே மாதத்தில் அழுகவிட்டவர்கள் நிறையப் பேர். அதனால் இது நோஞ்சான் செடி என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைப்பிடி மண்கூட இல்லாத செங்குத்துப் பாறையில் வருடக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும் செடி எப்படி நோஞ்சானாகும்? நாம் அதைச் செம்பருத்தி போலவும் ரோஜா போலவும் நடத்துகிறோம், அதுதான் சிக்கல். மேலே மர நிழல், சுற்றிலும் ஈரக்காற்று, வேரில் தேங்காமல் வழிந்துபோகும் நீர், மிகக் கொஞ்சமாக மண்: அந்தப் பாறையில் இருப்பது இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறைகளை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

1884இல் சான்சிபாரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜான் கிர்க் இதன் மாதிரியை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பியிருந்தார். பெயர் சூட்டும் அளவுக்கு அந்த மாதிரி முழுமையாக இல்லை. அப்போது ஜெர்மானியர் ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா பகுதி அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் 1892இல் இதைக் கண்டு ஜெர்மனியிலிருந்த தன் தந்தைக்கு அனுப்பினார். தந்தை அதை ஹனோவரின் ஹெரன்ஹவுசன் தோட்டத் தலைவர் ஹெர்மன் வென்ட்லாண்டிடம் சேர்த்தார். வென்ட்லாண்ட் 1893இல் செயின்ட்பாலியா அயோனந்தா என்று அறிவியல் பெயர் வைத்தார். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, 2015 முதல் இதை ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் வளர்ப்பவர்கள் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது.

ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களில் இருந்த செடியை வீட்டுக்குள் கொண்டுவந்தது அமெரிக்கா. 1920களில் லாஸ் ஏஞ்சலஸின் ஆர்மகாஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் நர்சரி ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதை வாங்கி முளைக்கவைத்து, வந்த நாற்றுகளில் பத்தை மட்டும் தேர்ந்தெடுத்து விற்பனைக்கு விட்டது. 'புளூ பாய்' அவற்றில் ஒன்று. இன்றைய ஆயிரக்கணக்கான ரகங்களில் பெரும்பாலானவற்றின் வம்சம் அந்தப் பத்தில் போய் முடியும். 1946இல் அமெரிக்க ஆப்பிரிக்கன் வயலட் சங்கம் தொடங்கியபோது, குளிர்காலத்திலும் வீட்டைக் கதகதப்பாக வைக்கும் வசதியும் டியூப்லைட்டும் பரவிக்கொண்டிருந்தன. சூரியனே எட்டாத நிலவறையில்கூட இதைப் பூக்கவைக்க முடிந்தது. வெளிச்சம் குறைந்த காட்டடியில் வாழப் பழகிய செடி என்பதால்தான் அது சாத்தியமானது.

நல்ல உருப்பெருக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு இலையைக் கிட்டத்தில் பாருங்கள். வெல்வெட் போலத் தெரிவது, நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் ஒளி ஊடுருவும் ரோமங்கள். குட்டையும் நெட்டையுமாகக் கலந்திருக்கும். அவற்றின் இடையே தூசி சிக்கினால் துடைத்து எடுக்க முடியாது. ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையால் காம்பிலிருந்து நுனி நோக்கித் தட்டிவிட வேண்டும். சில ரகங்களில் இலையின் அடிப்புறம் கருஞ்சிவப்பாக இருக்கும். காம்பு சாறு நிறைந்து, நகம் பட்டாலே முறியும்.

இந்த இலையில் குளிர்ந்த நீர் பட்டால் இரண்டொரு நாளில் வெளிறிய வளையங்களும் கோடுகளும் தோன்றும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து தெளிக்கிறார்கள். நோய் எதுவும் இல்லை. இலையின் வெப்பத்தைவிட ஏழெட்டு டிகிரிக்கு மேல் குளிர்ந்த நீர் தொட்டவுடன், மேல்தோலுக்கு நேர் கீழே இருக்கும் பச்சையச் செல்கள் அதிர்ந்து சிதைகின்றன. சிதைந்த இடம் மறுபடி பச்சையாகாது. அறையிலேயே நிறுத்திவைத்த நீரை ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. இலை நனைவதே ஆகாது என்று சொல்வதும் சரியில்லை. வெதுவெதுப்பான நீரில் இலைகளைக் கழுவலாம். காயும்வரை வெயிலில் வைக்காமல், நடுக்குருத்தில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பூவிலும் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே இரண்டு சிறிய இதழ், கீழே மூன்று பெரிய இதழ், நடுவில் பளிச்சென்று இரண்டு மஞ்சள் மகரந்தப் பைகள். பூ வாடும்வரை அந்த மஞ்சள் மங்காது. தேன் கிடையாது, வரும் தேனீக்கு மகரந்தம்தான் கூலி. சூலகத்தண்டு நேராக நிற்காமல் ஒரு பூவில் இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். ஒரே செடியில் இரண்டு சாய்வையும் காணலாம். ஆரோக்கியமான பூவில் மகரந்தப் பைகள் மூடியே இருக்கும். இதழ்மேல் மஞ்சள் தூள் சிந்தியிருந்தால் இலைப்பேன் புகுந்து பையைக் கிழித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிக் கண்டதும் பூ, மொட்டு எல்லாவற்றையும் தயங்காமல் கிள்ளி எறிந்து, அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

வெளிச்சம் போதுமா என்பதை இலைகளே காட்டிவிடும். காம்புகள் நீண்டு இலைகள் மேல்நோக்கி எழும்பினால் வெளிச்சம் போதவில்லை. இலைகள் தொட்டியின் விளிம்பைக் கட்டிப்பிடித்தது போல் கீழே வளைந்து, நடு வெளிறினால் வெளிச்சம் அதிகம். காலை வெயில் மெல்லிய திரைச்சீலை வழியே விழும் கிழக்கு ஜன்னல் மிகப் பொருத்தம். ஜன்னல் வசதி இல்லாவிட்டால் வெள்ளை எல்இடி டியூப்பை ஓரடி உயரத்தில் பொருத்தி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். இரவில் இருட்டு கட்டாயம் வேண்டும், குறைந்தது எட்டு மணி நேரம்.

நம் ஊரில் பெரிய தடை வெப்பம். இந்தச் செடிக்கு 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை சுகம். முப்பதைத் தாண்டினால் மொட்டுகள் கருகும், வேர் அழுகும் ஆபத்தும் கூடும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, பெங்களூரு வாசிகளுக்குக் கவலையில்லை. சென்னையிலும் மதுரையிலும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பூவை எதிர்பார்க்காதீர்கள். நீரையும் உரத்தையும் குறைத்து, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் உயிரோடு வைத்திருந்தாலே வெற்றிதான். மழைக்காலம் தொடங்கியதும் செடி தெளிந்து, பனி மாதங்களில் பூத்துத் தள்ளும். ஏசி அறையில் வைக்கலாம், காற்று நேரே முகத்தில் அடிக்கும் இடத்தைத் தவிர்த்து.

மண் விஷயத்தில் நமக்கு நல்வாய்ப்பு. பொள்ளாச்சிப் பக்கம் டன் கணக்கில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு இதற்கு அருமையான தளம். கட்டியாக விற்பதை நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கிவிட வேண்டும். அதோடு பெர்லைட், வெர்மிகுலைட் இரண்டையும் சம அளவு சேருங்கள். செம்மண்ணும் தோட்டத்து மண்ணும் கூடவே கூடாது. ஈரக் கலவையைக் கையில் பிடித்து அழுத்திவிட்டுத் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். தொட்டியும் சின்னதாகவே இருக்கட்டும். இலைப்பரப்பின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு அடி அகலச் செடிக்கு நாலு அங்குலத் தொட்டி. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலை வரவழைக்கும்.

நீர் ஊற்றுவதில் தடுமாறுபவர்களுக்குத் திரி முறையைச் சொல்வேன். நைலான் கயிறு ஒன்றைத் தொட்டியின் அடித்துளை வழியே மண்ணுக்குள் ஏற்றி, மறுமுனையைக் கீழேயுள்ள நீர்க் கிண்ணத்தில் தொங்கவிட்டால், மண் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். பருத்தித் திரி மக்கிவிடும். போர் தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, அதில் சாயும் காம்புகளை அரிக்கும். அதனால் மாதம் ஒருமுறை மேலிருந்து மழைநீரோ நல்ல நீரோ தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். 19:19:19 உரத்தை லிட்டருக்கு கால் கிராம் கரைத்து, வாரம் ஒருமுறை நீருக்குப் பதிலாகக் கொடுக்கலாம்.

இதன் அழகில் பாதி, இலைகள் அடுக்கும் ஒழுங்கில் இருக்கிறது. வட்டம் குலையாத ஒரு செடி, பூவே இல்லாத நாளிலும் கண்ணை நிறுத்தும். வாரத்துக்கு ஒரு கால் சுற்றுத் திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் பெறும். இலைக் கக்கங்களில் முளைக்கும் பக்கக்கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே பென்சில் முனையால் நெம்பி எடுத்துவிட வேண்டும். விட்டால் இரண்டு மூன்று தலைகள் முட்டிமோதி உருவம் சிதறும். அடிவரிசையில் மற்றவற்றைவிடச் சிறியதாக ஒளிந்திருக்கும் குட்டி இலைகளையும் நீக்கலாம். கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் ஒன்றரை, இரண்டு மாதம் முன்புவரை மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டே வருவார்கள். பிறகு விட்டால் ஒரே வீச்சில் பூங்கொத்து எழும்பும்.

மேலிருந்து பார்க்கப் பிறந்த செடி இது. கண்ணுக்கு மேலான அலமாரியில் வைத்தால் காம்புதான் தெரியும். ஜன்னலோரத்துக் குட்டை ஸ்டூல், டீப்பாய், எழுதும் மேசை இவையே சரியான இடங்கள். தொட்டி எளிமையாக இருப்பது நல்லது. வெள்ளைப் பீங்கானோ சாதாரண மண் நிறமோ ஊதாப் பூவை எடுத்துக் காட்டும், பூப்போட்ட தொட்டி அதனோடு சண்டை போடும். ஆறு அங்குலத்துக்குள் நிற்கும் குட்டி ரகங்களைப் பாசியும் கூழாங்கல்லும் இட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கலாம். உள்ளே ஈரப்பதம் நிற்பதால் செடிக்கும் அது பிடிக்கும், பார்க்கவும் அந்தப் பாறையின் ஒரு துண்டு போலிருக்கும். பல தலைகளோடு படர்ந்து வழியும் ரகங்களுக்கு அகலமான ஆழமில்லாத தட்டுத் தொட்டி பொருந்தும். அவற்றில் மட்டும் பக்கக்கன்றைத் தொடக் கூடாது.

காட்டில் இருப்பவற்றின் நிலைமை கவலைக்குரியது. தான்சானியா, கென்யாவின் சில மலைகளில் மட்டுமே இவை வளர்கின்றன. சில வகைகள் ஒன்றிரண்டு இடங்களில்தான் தெரிய வந்திருக்கின்றன. யாரும் செடியைப் பிடுங்க வேண்டாம், மேலே நிழல் தரும் மரத்தை வெட்டினாலே பாறை காய்ந்து செடி மடிந்துவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் உறவுகள் உண்டு. மழைக்காலத்தில் நீர் வழியும் பாறைகளில் பூக்கும் ஹென்கெலியாவும், வேறெங்கும் இல்லாத ஜெர்டோனியாவும் இதே குடும்பம்தான். அவற்றுக்கும் தேவை அதே நிழலும் ஈரமும். காட்டில் கண்டால் பார்த்துவிட்டு வாருங்கள், வீட்டுக்கு நர்சரிச் செடி போதும்.

ஒரு செடி இருந்தால் அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுக்கலாம். இளசாகவும் இல்லாத, கிழடும் தட்டாத நடுவரிசை இலையை ஒரு அங்குலக் காம்போடு சாய்வாக வெட்டி, ஈரக் கலவையில் ஊன்றி, பிளாஸ்டிக் மூடியால் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் காம்பின் அடியில் சுண்டெலிக் காது போன்ற குட்டி இலைகள் கொத்தாகத் தலைகாட்டும். காசளவு வளர்ந்ததும் பிரித்து நட்டால் ஒரு வருடத்துக்குள் பூக்கும்.

கைமேரா எனப்படும், இதழ்களில் காற்றாடி போலக் கோடு ஓடும் ரகங்களில் மட்டும் இந்த முறை செல்லாது. அவற்றின் வளர்நுனியில் வெளியடுக்குச் செல்களும் உள்ளடுக்குச் செல்களும் வேறு வேறு மரபணு கொண்டவை. இரண்டும் சேர்ந்தே கோடு உண்டாகிறது. இலைக்காம்பில் முளைக்கும் கன்றோ தோல் செல்களிலிருந்து பிறக்கிறது. அதனால் ஒரு அடுக்கின் நிறம் மட்டும் வரும், கோடு காணாமல் போகும். பக்கக்கன்றை எடுத்தோ, பூங்காம்பை வெட்டி ஊன்றி அதன் சிற்றிலைக் கக்கத்தில் துளிர்ப்பதை வளர்த்தோதான் கோட்டைக் காப்பாற்ற முடியும். நர்சரிகளில் இவற்றின் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வருடம் போகப்போக அடி இலைகள் உதிர்ந்து, செடிக்குக் கீழே வெறுங்கழுத்து நீளும். அதைப் பார்த்துச் செடிக்கு வயதாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். கழுத்தின் பழுப்புத் தோலை மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள், வேர்ப்பந்தின் அடியிலிருந்து கழுத்தின் நீளம் அளவுக்கு வெட்டி எடுங்கள், பிறகு அடி இலை மண்ணைத் தொடும்படி அதே தொட்டியில் இறக்கிப் புதுக் கலவையை மேலே நிரப்புங்கள். சுரண்டிய இடத்தில் ஒரு மாதத்தில் புது வேர் இறங்கும். வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்துவந்தால் ஒரே செடியைப் பல ஆண்டுகளுக்குப் பூக்கவைக்கலாம்.