கால்வாய் காட்டும் அரண்மனை

தில்லியில் ஜங்புராப் பகுதியை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் அங்குப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. வடிகாலின் நீரோட்டம் தடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்ற காரணத்தால், தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மட்டும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. அதே நீரோடையின்மேல் ஜஹாங்கீர் காலத்தில் எழுப்பப்பட்ட பாராபுல்லா பாலமோ இன்றும் நிற்கிறது.

தில்லியில் குடியிருப்புகள் அமைவதும் அகல்வதும் நீர்வழிகளைப் பொறுத்தே நெடுங்காலமாக நடந்து வந்துள்ளன. ஏழைகளின் குடியிருப்புக்கு மட்டுமன்றிப் பேரரசரின் மாளிகைக்கும் இது பொருந்தும். இதனைக் கண்ணாரக் காண விரும்புவோர் செங்கோட்டைக்குச் செல்லலாம். ஆனால் தக்க வழிகாட்டி ஒருவர் உடன் வருதல் வேண்டும்.

ஷாஜஹான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த இவ்வரண்மனையைக் காண வருவோரிற் பலர் லாகூர் வாயில் வழியே நுழைந்து, கடைவீதியைக் கடந்து, திவான்-இ-ஆம், திவான்-இ-காஸ் ஆகிய இரு மண்டபங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். மயிலாசனம் இங்கே இருந்தது, 1739இல் நாதிர்ஷா அதனைக் கவர்ந்து சென்றான் என்ற செய்தியோடு சில வழிகாட்டிகளும் தம் கடமையை முடித்துக் கொள்கின்றனர். பொருளுணர்ந்த வழிகாட்டி வடகிழக்கு மூலையிலுள்ள ஷா புர்ஜ் என்னும் கொத்தளத்திலிருந்து தொடங்குவார். ஏனெனில் அரண்மனைக்கு நீர் வந்து சேர்ந்த இடம் அதுவே.

பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் யமுனையிலிருந்து வெட்டுவித்த கால்வாய் காலப்போக்கில் தூர்ந்து போயிற்று. ஷாஜஹான் காலத்தில் அது செப்பனிடப்பட்டுத் தில்லிவரை நீட்டப்பட்டது. இப்பணியோடு அலி மர்தான் கானின் பெயர் இணைத்துக் கூறப்படுகிறது. கால்வாயின் ஒரு கிளை சாந்தினி சௌக்கின் நடுவே ஓடியது. ஷா புர்ஜில் பளிங்குச் சரிவின் வழியே இறங்கிய நீர், 'சுவர்க்க நதி' எனப் பொருள்படும் நஹ்ர்-இ-பிஹிஷ்த் என்ற வாய்க்காலாகத் தெற்கு நோக்கிச் சென்றது. குளியல் மாளிகை, திவான்-இ-காஸ், காஸ் மஹால் ஆகியவற்றை ஊடுருவி ரங் மஹாலின் தாமரை வடிவத் தொட்டியை அடைந்தது. மாளிகைகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டப்பட்டது என்பதைவிட, வாய்க்காலின்மீது மாளிகைகள் கோக்கப்பட்டன என்பதே பொருத்தமாகும். கோடையில் தில்லியின் வெப்பத்தை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை.

இந்நீரே 'உயிரளிக்கும் தோட்டம்' எனப்படும் ஹயாத் பக்ஷ் பாகையும் வளர்த்தது. தோட்டத்தின் இரு முனைகளிலும் எதிரெதிரே சாவன், பாதோன் என்ற இரு பளிங்கு மண்டபங்கள் உள்ளன. இவை வட நாட்டு மழைமாதங்களின் பெயர்கள். நம் ஆடி முதல் புரட்டாசி வரையிலான காலத்தை ஏறத்தாழ ஒத்தவை. மண்டபத்தின் அடியில் வரிசையாகத் தெரியும் சிறு மாடங்களை வெற்றுக் குழிகள் என்றே பயணி எண்ணுவார். அவற்றில் பகலில் பூச்சாடிகளும் இரவில் விளக்குகளும் வைக்கப்பட்டன. அவற்றின் முன்னே நீர் திரையாக வழிந்தது. இதனைச் சொல்ல ஆளில்லாவிடில் அந்த மாடங்கள் ஊமையே.

1857க்குப் பின் ஆங்கிலேயர் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துப் படைவீரர் குடியிருப்புகளை எழுப்பினர். மேற்கே இருந்த மஹ்தாப் பாக் என்ற நிலாத் தோட்டம் மறைந்தே போயிற்று. சிறைப்பட்ட கடைசி மன்னர் பகதூர் ஷா ஜபர் 1858இல் தம் திவான்-இ-காஸிலேயே விசாரிக்கப்பட்டு இரங்கூனுக்கு அனுப்பப்பட்டார். தோட்டக் குளத்தின் நடுவே அவர் 1842இல் கட்டிய செந்நிற ஜபர் மஹால் மட்டும் நிற்கிறது. கர்சன் பிரபு காலத்தில் மீட்புப் பணி தொடங்கிற்று. ஆயினும் இன்று காணும் அகன்ற புல்வெளி மொகலாயத் தோட்டம் அன்று. பழமரங்களும் மலர்ப் பாத்திகளும் இருந்த நிலத்தில் பிற்காலத்தார் விரித்த பசுமை அது. அன்று நீர் கொணர்ந்த கால்வாய் இன்று இல்லை. மதிலடியில் ஓடிய யமுனையும் கிழக்கே ஒதுங்கிவிட்டது.

இவ்வளவையும் தமிழில் எடுத்துரைப்பார் எத்தனை பேர்? தமிழ்நாட்டிலிருந்து வரும் பள்ளி மாணவர்களும் முதியோரும் இந்தி, ஆங்கில விளக்கங்களைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுச் செல்கின்றனர். மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலும் ஏறத்தாழ இதே காலத்தது. அதன் பெரும்பகுதியும் அழிந்து, எஞ்சியதே பின்னர் புதுப்பிக்கப்பட்டது. இந்த ஒப்புமையைத் தமிழறிந்த வழிகாட்டியே எளிதில் காட்ட முடியும். சுற்றுலாப் பயணிகளுக்கு உதவுவோருக்கான பயிற்சியை மத்திய சுற்றுலா அமைச்சகம் இணைய வழியில் நடத்தி வந்துள்ளது. வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் பேசி வளர்ந்த மதராசி கேம்ப் இளைஞர்கள் இப்பணிக்கு இயல்பாகவே பொருந்துவர். நரேலாவிலிருந்து செங்கோட்டைக்கு நாள்தோறும் வந்து திரும்பும் செலவு அவர்களுக்கு ஒரு தடையாகும். மறுகுடியமர்த்தலைத் திட்டமிடுவோர் வீட்டோடு இதனையும் கணக்கில் கொண்டு, பயிற்சிக் கால உதவித்தொகையும் போக்குவரத்துச் சலுகையும் வழங்குவது பற்றி ஆராயலாம்.