காலை எட்டு மணிக்கு எதைப் பேசலாம்?

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் மாநகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. ஊருக்குள் வந்த பிறகு அதில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடையும் சாயக்கழிவும்தான். நல்ல மழை பெய்தால் மதியம்பட்டிப் பக்கம் நுரை பொங்கி நிற்கும். அப்படி ஒரு காலையில், சேலத்தில் ஒலிபரப்பாகும் தனியார் எஃப்.எம். ஒன்றில் ஆர்.ஜே. என்ன சொல்லலாம்? “பாலத்துக்கிட்ட நுரையா நிக்குதாம், வண்டியில போறவங்க பாத்துப் போங்க” என்று சொல்லலாம். அது போக்குவரத்துத் தகவல். “இந்த நுரை யாரோட கழிவுல வருது? இத்தனை வருசமா ஏன் நிக்கல?” என்று கேட்டு, ஆற்றங்கரை விவசாயி ஒருவரையும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால், அது நடப்பு விவகாரம். செய்தியும் நடப்பு விவகாரமும் இந்தியாவில் தனியார் வானொலிக்கு விலக்கப்பட்டவை.

2011இல் மத்திய அரசு வெளியிட்ட மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கை இந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தியது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை, ஒரு சொல்கூட மாற்றாமல், அப்படியே எடுத்து ஒலிபரப்பிக்கொள்ளலாம். கூடவே, எவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது என்று ஒரு பட்டியலும் வந்தது. விளையாட்டுத் தகவல், போக்குவரத்து, வானிலை, திருவிழா, கலை நிகழ்ச்சி, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை போன்றவற்றைப் பற்றிய அறிவிப்புகளைச் சொல்லலாம். ஆனால் அவை உள்ளூர் நிர்வாகம் கொடுத்தவையாக இருக்க வேண்டும். சேலம் அம்மாபேட்டையில் நாளைக்குத் தண்ணீர் வராது என்று மாநகராட்சி சொன்னால் ஒலிபரப்பலாம். ஒரு வாரமாகவே வரவில்லை என்று அம்மாபேட்டைக்காரர் ஒருவர் போன் போட்டுச் சொன்னால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? விதியில் அதற்குத் தெளிவான பதில் கிடையாது. ஆர்.ஜே.க்கள் சாலைக் குழியையும் குப்பையையும் பற்றிப் பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது, பெரும் பணம் கட்டி உரிமம் வாங்கியவர் கோட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றுகொள்வார். மும்பையில் 2017இல் மலிஷ்கா என்ற ஆர்.ஜே., குண்டும் குழியுமான சாலைக்காக மாநகராட்சியைக் கேலி செய்து பாட்டே பாடினார். அடுத்த சில நாளில் அவர் வீட்டில் கொசுப்புழு இருந்ததாக மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. கேள்வியைக் கேள்வியாகக் கேட்க இடமில்லாத ஊடகத்தில் அது கேலிப்பாட்டாகத்தான் வெளியே வரும்.

இந்தத் தடை கேட்பவருக்கு ஒரு பாதுகாப்பும் தரவில்லை என்பதும், பதில் சொல்ல வேண்டியவர்களுக்கே அது வசதியாக இருக்கிறது என்பதும் என் கட்சி. காலை நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் யார் என்று பார்த்தால் இது விளங்கும். சேலத்தில் சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறையில் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருப்பவருக்குக் கண்ணும் கையும் வேலையில் இருக்கின்றன. காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையிலும், ஜவ்வரிசி ஆலையின் காய்தளத்திலும், ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஓட்டுநரிடத்திலும் அதே நிலைமைதான். இவர்கள் காலை எட்டு மணிக்குப் பேப்பரை விரித்துப் படிக்க முடியாது, செல்போனில் விவாதம் பார்க்கவும் முடியாது. கிடைக்கிற நேரத்தில் கேட்கலாம். அந்த நேரத்தில் அவர்களுக்குப் பாட்டும் விளம்பரமும் சிரிப்பும் போதும் என்று ஒரு விதி முடிவு செய்து வைத்திருக்கிறது.

நாமக்கல் முட்டையை எடுத்துக்கொள்ளலாம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு ஒரு பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிறது. விலையைச் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் அறிவித்த விலையிலிருந்து இத்தனை பைசா குறைத்து வியாபாரி எடுப்பதுண்டு. ‘மைனஸ்’ என்று பண்ணைக்காரர்கள் சொல்வது அதைத்தான். மைனஸ் எவ்வளவு போகலாம், தேங்கிய முட்டைக்கு யார் பொறுப்பு, மக்காச்சோளம் விலை ஏறினால் தீவனச் செலவு எங்கே போய் நிற்கும், இதெல்லாம் இந்த வட்டாரத்தில் வீட்டுச் செலவைத் தீர்மானிக்கிற விஷயங்கள். ஒரு பண்ணையாளர், ஒரு வியாபாரி, ஒரு கால்நடை மருத்துவர் என்று மூவரை அழைத்து அரை மணி நேரம் பேச வைத்தால், எந்த நடிகர் பேட்டியையும் விட ஊர் கவனமாகக் கேட்கும். ரேடியோவுக்கு அந்தச் சக்தி இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் தஞ்சாவூரைக் கேளுங்கள். 1960களில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகத்தை வானொலிப் பண்ணை நிகழ்ச்சிகள் விடாமல் சொல்லிச் சொல்லி, அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பேர் வந்துவிட்டது.

தகவல் சொல்ல விட்டிருக்கிறார்களே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் செல்போன்கள் செத்துக் கிடந்தபோது எஃப்.எம். நிலையங்கள் உதவி மையங்களாகவே மாறின. பாம்பனில் 2016இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி மீனவர்களுக்கென்றே காற்றையும் கடலையும் பேசுகிறது. நம் பக்கத்தில், 2024 ஜூலை கடைசியில் மேட்டூர் அணை 120 அடி நிரம்பி, விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மேடான இடத்துக்குப் போங்கள் என்ற எச்சரிக்கையை ரேடியோ சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அணை நிரம்பும் போதெல்லாம் அதே தெருக்காரர்கள் ஏன் முகாமுக்குப் போகிறார்கள், மாற்று வீடு என்ன ஆயிற்று என்ற கேள்வி தண்ணீர் வடிந்த பிறகுதான் வரும். அப்போது ரேடியோ பாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

இதைவிடக் கொடிய உதாரணமும் இதே பள்ளிபாளையத்தில்தான் இருக்கிறது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகத்தை விலை பேசிய விவகாரம் 2025 ஜூலையில் பெரிதாக வெடித்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் எழுதின, பேசின. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்பதை ஒரு வழக்கறிஞர் காலை நிகழ்ச்சியில் வந்து பேச்சுத் தமிழில் விளக்கி, கடன் கொடுத்தவர் மிரட்டினால் யாரிடம் போவது என்று நேயர்கள் கேட்டு அவர் பதில் சொல்லியிருந்தால், அது தரகர் கதவைத் தட்டுவதற்கு முன்பே சில வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தரகர் தேடிப் போனது பேப்பர் வாங்கும் வீடுகளை அல்ல.

எதிர்வாதங்களில் வலுவானது, கேட்கவே கசப்பானது, நிலையங்களின் உரிமையாளர்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் ஊடகமும் அரசியலும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வானொலியையும் அவிழ்த்துவிட்டால் இன்னொரு கட்சி மைக்தானே கூடும்? நியாயமான பயம். ஆனால் சேலத்தில் ஒலிக்கும் சூரியன் எஃப்.எம். சன் குழுமத்துடையது, ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குழுமத்துடையது. முதலாமவருக்கு சன் நியூஸ் இருக்கிறது. இரண்டாமவருக்குத் தந்தி டி.வி.யும், சேலம் பதிப்போடு ஒரு நாளிதழும் இருக்கின்றன. ஒரே நிறுவனம் ஒரே ஊரில் அச்சில் எழுதலாம், திரையில் இரவு முழுக்க விவாதிக்கலாம், காதில் மட்டும் சொல்லக் கூடாது என்றால் அந்தத் தடை எந்தச் சார்பைத் தடுத்தது? அதற்கு மேலும் ஒன்று: உள்ளூர்ப் பிரச்சினையில் சார்பு சீக்கிரம் வெளுத்துவிடும். டெல்லி விவகாரத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லித் தப்பிக்கலாம். கொண்டலாம்பட்டியில் தெருவிளக்கு எரிகிறது என்று பொய் சொன்னால், கொண்டலாம்பட்டிக்காரர் அடுத்த நிமிடம் போன் போடுவார்.

வானொலி கலவரம் மூட்டும் என்பது இன்னொரு வாதம். 1994 ருவாண்டா படுகொலையில் ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி செய்த அழிவை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது அதிகாரத்தில் இருந்தவர்களின் ஆதரவோடு நடந்த நிலையம். தண்டிக்க வேண்டியவர்களே அதன் பின்னால் நின்றார்கள். இங்கே உரிமம், ஒலிபரப்பு நெறிமுறை, மீறினால் உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் எல்லாம் இருக்கின்றன. சாதிச் சண்டையை மூட்டும் ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் யார் பேர் என்றே தெரியாமல் சுற்றுகிறது, எஃப்.எம். நிலையத்துக்கு முகவரி உண்டு, பேசியவருக்குப் பேர் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் போரைப் பார்த்த இலங்கையில் தனியார் தமிழ் வானொலிகளான சக்தி எஃப்.எம்.மும் சூரியன் எஃப்.எம்.மும் (அது வேறு நிறுவனம்) சொந்தமாகச் செய்தி வாசிக்கின்றன. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது என்பதற்கு ஒழுங்கான விளக்கத்தை எந்த அரசும், எந்தக் கட்சியின் அரசும், இதுவரை தரவில்லை. இத்தனைக்கும், அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாட்ஸ்அப்பும் யூடியூபும் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம்: அவை தேடுகிறவருக்குக் கிடைப்பவை, ரேடியோ தேடாதவருக்கும் கேட்பது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் ஒரு வழி சொன்னது. தனியார் எஃப்.எம். நிலையங்களை மணிக்குப் பத்து நிமிடம் செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்பது அதன் பரிந்துரை. பத்து நிமிடம் என்பது கஞ்சத்தனம்தான். ஆனால் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரையிலான காலை நிகழ்ச்சியில் அது அரை மணி நேரமாகிறது, ஒரு திருமணிமுத்தாற்றைப் பேச அது போதும். 2024 ஆகஸ்டில் 234 நகரங்களில் 730 புதிய அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கட்டணம் எவ்வளவு என்று அதில் இருந்தது. செய்தி அனுமதி இல்லை. நிலையங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய் வாயை மட்டும் கட்டி வைப்பதில் யாருக்கு லாபம் என்று நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்கலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியமும் உண்டு. உள்ளூர் நிர்வாகம் தரும் தகவலை ஒலிபரப்ப இன்றைய விதியே இடம் கொடுக்கிறது. அப்படியானால் தகவல் தாளாக வராமல் ஆளாகவே வரட்டும். சேலம் மாநகராட்சி ஆணையரும், 2024இல் மாநகராட்சியான நாமக்கல்லின் ஆணையரும், இரண்டு மாவட்ட ஆட்சியர்களும், மின்வாரியப் பொறியாளர்களும் வாரத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து, குடிநீர் ஏன் வரவில்லை, சாக்கடை வேலை எப்போது முடியும் என்று நேயர்கள் கேட்பதற்குத் தங்கள் வாயாலேயே தகவல் தரட்டும். நிலையங்கள் அவர்களை எழுத்து மூலம் அழைக்கட்டும், வர மறுப்பவர் யார் என்றும் ஊர் தெரிந்துகொள்ளட்டும். இன்றைக்கோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு வந்து வரிசையில் நிற்கிறவர், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.