ஒரே ஆள், ரெண்டு டாக்டர்!

வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் பெருமை. ஒரே ஆள் ரெண்டு தடவை டாக்டர் ஆகிறேன் என்றால்..? அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். "ஏன், முதல் தடவை சரியாப் படிக்கலையா?"

லால்குடியில் காலையில் ரயிலேறி திருச்சி ஆபீஸுக்குப் போகிற கூட்டத்தில் அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். அப்பா இல்லாத வீடு. தம்பியை எம்.பி.பி.எஸ். படிக்க வைத்ததில் பி.எஃப். லோன் வரை கரைந்து போயிருக்கிறார். இப்போது தம்பி, "எம்.டி.யோட பி.எச்.டி.யும் பண்ணப் போறேண்ணே. எங்கெங்க அப்ளை பண்ணலாம்னு பார்க்கணும்" என்கிறானாம். அண்ணன் பெருமூச்சு விட்டது வாளாடி தாண்டுவதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது.

"அமெரிக்காவுக்குப் போடச் சொல்லுங்க ஸார்!"

"பேசாம ஒரு கிளினிக் வெச்சுக் கொடுங்க. மெயின் ரோட்ல இடம் காலியா இருக்கு!"

நான் பி.காம்.காரன். மருந்து எழுதத் தெரியாது. வரவு செலவு எழுதத் தெரியும். அதனால் இந்த ரெட்டைப் படிப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வாருங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் எம்.டி. என்றால் நம்ம ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி, முதல் மருத்துவப் பட்டம். நம் எம்.டி. மேல்படிப்பு. பெயர்தான் ஒன்று, ஆள் வேறு! அங்கே அரசாங்கமே 1964-ல் மூன்று மருத்துவக் கல்லூரிகளில் இந்த எம்.டி.-பி.எச்.டி. திட்டத்தைத் தொடங்கியது. ஃபீஸ் கிடையாது, கையில் மாதப் படி. சுமார் எட்டு வருஷம். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த அரசாங்கப் பணம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். தவிர, எம்.பி.பி.எஸ். முடித்தவர் அதில் சேர்ந்தால் டாக்டர் படிப்பை மறுபடி 'அ'னா ஆவன்னாவிலிருந்து படிக்க வேண்டும்.

அப்படியானால் நம்மவர்கள் எப்படிப் போனார்கள்? டாக்டர் பட்டத்தை இங்கே முடித்துவிட்டு, பி.எச்.டி.க்கு மட்டும் போனார்கள். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் சென்னையில் எம்.டி., லண்டனில் பி.எச்.டி. ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் பெரும் பெயர் எடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கே தலைவரானார். வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ்., கேம்பிரிட்ஜில் பி.எச்.டி. கையை இழந்தவருக்கு இல்லாத கையில் வலிக்கும் விநோதத்தை, ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துத் தணித்துக் காட்டியவர்.

விமானம் ஏறாமலும் முடியும். ககன்தீப் காங் வேலூர் சி.எம்.சி.யிலேயே 1987-ல் எம்.பி.பி.எஸ்., 1991-ல் எம்.டி., 1998-ல் பி.எச்.டி. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸை ஆராய்ந்தவர். லண்டன் ராயல் சொசைட்டி 2019-ல் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியப் பெண் விஞ்ஞானிகளில் அவர்தான் முதல். வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் பதினோரு வருஷம்!

சரி, எங்கே அப்ளை பண்ணுவது? காலேஜ் பெயரைப் பார்க்காதீர்கள். தம்பியிடம் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: 'எந்த வியாதிடா உன்னைத் தூங்க விடலை?' இதற்குப் பதில் இருந்தால் பாதி லிஸ்ட் தானாகவே அடிபட்டுப் போகும். காசநோய் என்றால் சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். காசநோய்க்காரரை சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1950-களில் உலகத்துக்கு நிரூபித்த இடம். இதய வால்வு, கருவிகள் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா. அவர்களே செய்த வால்வு 1990-ல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மெஷின், கம்ப்யூட்டர் பக்கம் புத்தி போனால் சென்னை ஐ.ஐ.டி.; அங்கே 2023-ல் மருத்துவத்துக்கென்றே ஒரு துறை ஆரம்பித்து, டாக்டர்களுக்கு ஆராய்ச்சிக் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

இரண்டு: 'கைடு யார்?' தாலி கட்டுவதற்குச் சமமான விஷயம் இது. அவர் எப்போது ரிடையர் ஆகிறார், அவரிடம் சேர்ந்த பசங்க எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்க வேண்டியது கைடிடம் அல்ல, அவரிடம் இப்போது படிக்கிற பையனிடம். அதுவும் கேன்டீனில்!

மூன்று: 'கையில் என்ன வரும்?' மத்திய அரசு ஆஸ்பத்திரியில் எம்.டி. படிக்கும் ஜூனியர் ரெசிடெண்டுக்கு அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். ஆராய்ச்சி மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அதாவது எம்.டி. முடித்து ஸ்பெஷலிஸ்ட் ஆனவர், பி.எச்.டி.யில் கால் வைத்ததும் வருமானத்தில் படி இறங்கக்கூடும். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், சாதாரணமாக ஆறுக்குள் முடிக்க வேண்டும். வீட்டில் ஆறு என்றே எழுதி வையுங்கள். மூன்றில் முடித்தால் லாபம்.

நான்கு: 'நோயாளியைத் தொட விடுவார்களா?' ஆறு வருஷம் எலியையும் டெஸ்ட் டியூபையும் மட்டுமே பார்த்தால் கை மறந்துவிடும். மாறாக, வார்டு வேலையே நாள் முழுக்க என்றால் ஆராய்ச்சி ராத்திரி ரெண்டு மணிக்குத்தான். வாரத்தில் எத்தனை நாள் வார்டு, எத்தனை நாள் லேப் என்பதை எழுத்தில் வாங்குவது உத்தமம். முடித்தபின் பாண்டு உண்டா என்பதையும் சேர்த்து.

இன்னொரு எச்சரிக்கை: அறிவிப்பு வேறு, அட்மிஷன் வேறு. பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யில் எம்.டி.-பி.எச்.டி. இரண்டையும் சேர்த்தே தரும் மருத்துவக் கல்லூரிக்கும், 800 படுக்கை ஆஸ்பத்திரிக்கும் 2022-ல் இரண்டு தம்பதிகள் 425 கோடி ரூபாய் தருவதாக அறிவித்தார்கள். நல்ல சேதி. ஆனால் எந்த இடமானாலும், இந்த வருஷம் எந்தப் பாடத்தில் எத்தனை ஸீட், யார் அங்கீகாரம் என்று கேட்காமல் டி.டி. எடுக்காதீர்கள்.

இனி, கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாத ஒரு செலவு. எல்லாப்ரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆபரேஷன் தியேட்டரில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்து, 1930-ல் பி.எச்.டி. வாங்கினார். யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே டி.ஈ.சி. மாத்திரை, அது அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான். லட்சோப லட்சம் கால்கள் தப்பின. ஆனால் இளம் மனைவியை ஊரில் விட்டுப் போன மனிதர் திரும்பி வரவேயில்லை. 1948-ல் அங்கேயே இறந்தார். பிறந்த குழந்தையின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

அந்தக் காலம் இன்று இல்லை. விமானம் இருக்கிறது, வீடியோ கால் இருக்கிறது. ஆனாலும், இந்தப் படிப்புக்கு அப்ளிகேஷன் போடுவது ஒரு ஆள், வருஷங்களைக் கட்டுவது ஒரு குடும்பம். அம்மாவின் பி.பி. மாத்திரை, தங்கையின் கல்யாணம், அண்ணனின் தள்ளிப்போகும் கல்யாணம்... எல்லாம் அந்த விண்ணப்பத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடுகின்றன.

ஆகவே அண்ணன்மாரே, பத்து இடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் தம்பியிடம் ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். எதைக் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறான் என்று, உங்களுக்குப் புரிகிற தமிழில், ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாமல் பேனாவைக் கடித்தால் எம்.டி. மட்டும் போதும், அதுவும் அருமையான படிப்புதான்.

மடமடவென்று எழுதிவிட்டு, "இன்னொரு பேப்பர் குடுண்ணே" என்று கேட்டானானால்..?

இன்னொரு ஆறு வருஷத்துக்குத் தயாராகுங்கள். பி.எஃப்.பில் பாக்கி ஏதும் இருக்கிறதா, பாருங்கள்!