பெயரும் நற்பெயரும்

தில்லிவாழ் தமிழர்களுக்கு மந்திர் மார்க் பழக்கமான சாலை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்குதான் உள்ளது. பிர்லா மந்திர் என்று அனைவரும் அழைக்கும் லட்சுமி நாராயணர் ஆலயமும் இங்கேயே உள்ளது. 1939ஆம் ஆண்டு காந்தியடிகள் திறந்துவைத்த ஆலயம் அது. ஆங்கிலேயர் காலத்தில் வைசிராய் ரெடிங் பிரபுவின் பெயரைத் தாங்கியிருந்த இச்சாலை, பின்னர் ஆலயத்தின் பெயரால் மந்திர் மார்க் ஆயிற்று.

அப்பள்ளியில் பயிலும் என் மகள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, எங்கள் பள்ளி இருப்பதும் மார்க், குல்மார்க்கும் மார்க். அதுவும் ஒரு சாலையா?" 2024 ஜனவரியில் காஷ்மீர் செல்ல நாங்கள் பயணச்சீட்டு எடுத்திருந்த சமயம் அது.

இரண்டும் வேறு வேறு சொற்கள். மந்திர் மார்க்கில் வருவது, வழி என்று பொருள்படும் வடசொல். குல்மார்க்கில் வருவதோ மலைப் புல்வெளியைக் குறிக்கும் காஷ்மீரச் சொல். சோனாமார்க், தங்மார்க், கிலன்மார்க் என அப்பகுதியில் பல மார்க்குகள் உண்டு. 'குல்' என்றால் பாரசீகத்தில் மலர். ஆக, குல்மார்க் மலர்களின் புல்வெளி. முன்பு கௌரி தேவியின் பெயரால் கௌரிமார்க் எனப்பட்ட அவ்விடத்திற்கு, 16ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் இப்பெயரைச் சூட்டினார் என்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் கோடையைச் சொல்கிறது. புகழோ குளிர்காலத்தால் வந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள இப்புல்வெளியில் 1927ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை அமைத்தனர். விடுதலைக்குப் பின் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதற்கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் இயங்கத் தொடங்கின. இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே அபர்வத் மலைச்சரிவு வரை செல்கிறது. 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் இங்கு நடைபெறுகின்றன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரர் ஆரிஃப் கான், பக்கத்துத் தங்மார்க் பகுதியைச் சேர்ந்தவர்.

உலகின் புகழ்பெற்ற பனிச்சறுக்கு நகரங்களின் கதையும் இதுவே. சுவிட்சர்லாந்தின் செயிண்ட் மோரிட்ஸ் முதலில் கோடையில் மட்டுமே விருந்தினர் வரும் ஊராக இருந்தது. 1864ஆம் ஆண்டு யோகன்னஸ் பாட்ருட் என்ற விடுதி உரிமையாளர் தம் ஆங்கிலேய விருந்தினர்களிடம், குளிர்காலத்திலும் வாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது என்றாராம். வங்கி மொழியில் சொன்னால் அது ஓர் உத்தரவாதம். வந்தவர்கள் வசந்தம் வரை தங்கினர் என்பது அவ்வூரார் சொல்லும் கதை. பின்னர் 1928, 1948 ஆகிய இரு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அங்கு நடந்தன. 1980களில் அந்நகரம் தன் பெயரையே வணிகக்குறியாகப் பதிவு செய்து காத்துக்கொண்டது.

வணிகவியல் பயின்றோர் 'நற்பெயர்' என்ற சொல்லைக் கணக்குப்பதிவியலில் சந்தித்திருப்பர். கண்ணுக்குப் புலப்படாத சொத்து அது. ஒரு தொழிலை விலைக்கு வாங்கும்போது நற்பெயருக்கெனக் கொடுத்த தொகையை ஏட்டில் எழுதலாம். தானே உழைத்துச் சேர்த்த நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் காட்ட விதி இடம் தருவதில்லை. ஓர் ஊர் தலைமுறைகளாகச் சேர்த்த நற்பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே அது தேயும்போதும் எந்த ஏடும் காட்டுவதில்லை.

அந்தத் தேய்மானத்தை அந்த ஜனவரியில் நேரில் கண்டோம். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லை கலான்' எனப்படும் கடுங்குளிர்க் காலம். பனி மிகுதியாகப் பொழியவேண்டிய நாட்கள் அவை. நாங்கள் கண்டதோ பழுப்பேறிய புல். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரம் கொண்டுவரும் மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகள் அவ்வாண்டு உரிய காலத்தில் வலுவாக வரவில்லை. மகள் சுற்றிப் பார்த்துவிட்டு, "புல்வெளிதானே அப்பா, பெயர் சரியாகத்தான் இருக்கிறது" என்றாள்.

பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெயரை நம்பி வந்தவர் எவருமில்லை; பனியை நம்பியே வந்திருந்தோம். சுற்றுலாப் பயணிகளை மரச் சறுக்குவண்டியில் அமர்த்தி இழுத்துச் செல்லும் ஒருவர், தம் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகில் அமர்ந்திருந்தார். நான் வங்கிப் பணியாளன் என்றதும் அவரே பேசினார். மகனுக்குச் சறுக்குப் பலகைகள் வாங்கி வாடகைக்குவிடக் கடன் பெற்றிருக்கிறாராம். மூன்று மாத வருவாயில் ஆண்டு முழுவதற்கும் தவணை கட்ட வேண்டும். வங்கியில் பேசினீர்களா என்று கேட்டேன். பனி பெய்யவில்லை என்று வங்கியில் போய் எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார்.

அக்கேள்வியை நான் மறக்கவில்லை. அறுவடைக்குப் பின் வருவாய் வரும் உழவருக்குப் பயிர்க்கடனின் தவணையை அறுவடையை ஒட்டியே வகுக்கிறோம். பனியும் அவருக்கு ஓர் அறுவடையே. அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் பனி வந்தது. பிப்ரவரியில் போட்டிகளும் நடந்தன. மறு ஆண்டு 2025இல் பிப்ரவரி 22 அன்று தொடங்கவேண்டிய போட்டிகள் பனியின்மையால் மார்ச் மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டன. போட்டியைத் தள்ளிவைக்க முடிந்தது; தவணை நாள் தானாகத் தள்ளிப்போவதில்லை.

வாசகர்களுள் பலர் ஒரு பருவத்தை, ஓர் ஊரின் பெயரை நம்பித் தொழில் செய்பவர்களாக இருக்கலாம். குற்றாலத்தில் சாரலையும் ஏற்காட்டில் கோடையையும் எதிர்பார்த்துக் கடை விரிப்போர் இருக்கிறார்கள். நல்ல பருவத்து வருவாயில் ஒரு பகுதியைப் பொய்த்த பருவத்திற்கென வைப்பில் இட்டு வையுங்கள். கடன் கேட்கும்போதே உங்கள் வருவாய் எந்த மாதங்களில் வரும் என்பதைக் கிளையில் விளக்கிச் சொல்லுங்கள். பருவம் பொய்த்தால், தவணை தவறிய பின் அல்ல, தவறுவதற்கு முன்பே வந்து பேசுங்கள். கடன் வாங்கியவரின் நற்பெயர் அந்த முதற்பேச்சில்தான் காக்கப்படுகிறது.

குல்மார்க்கில் அன்று அவரிடமும் இதையே சொன்னேன். மறுவாரம் கிளைக்குச் செல்வதாகச் சொல்லி, மகளை வெறும் வண்டியில் அமரச் செய்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.